இடக்கைத் தையல்

கிரான்,
16.01.2025

அன்புள்ள பேத்தி நிலானிக்கு அம்மம்மா எழுதுவது.

பொங்கல் கிழக்குப் பக்கம் வழிந்தது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் சொல் கேட்பதில்லை. கொழும்புத் தண்ணீரில் உனக்கு மயிர் கொட்டுகிறது என்றாயே, நின்றதா?

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னதை எவரும் இல்லையென்று சொல்லலாம். மா அரைக்கும் மெஷினை விற்றவன், ஒரு வருடத்துக்குத் திருத்த வேலை இலவசம் என்று போனில் சொன்னான். 2016 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலேகால். பிறகு மெஷின் நின்றபோது, "நான் அப்பிடிச் சொல்லல்லையே அம்மா" என்றான். கடதாசியில் எழுதினதை எவரும் விழுங்க ஏலாது. ஆகவே நீயும் எழுது. பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தால் மறுநாள் காலை கிரான் சந்தியில் இறக்குவான்.

விஷயம் இதுதான். சித்திரை வருடப் பிறப்புக்கு ஐயாயிரம் பைக்கற்று சிவப்பரிசி மா கேட்டு, கொழும்பு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து எழுத்து வந்திருக்கிறது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இறக்காவிட்டால் கடையில் நமது தட்டை வேறு கொம்பனிக்குக் கொடுத்துவிடுவார்களாம். ஆனால் சிவப்பு நெல் எங்கே? நாடு முழுக்கச் சிவப்பரிசி இல்லை. இங்கே வயல் வட்டை முழுக்க வெள்ளம், வெள்ளாமை படுத்துக் கிடக்கிறது. அறுத்தாலும் அது புது நெல், மா பசை பிடிக்கும். நமக்கு வேண்டியது காய்ந்த பழைய நெல், எழுபது சாக்கு. செங்கலடிச் சந்தையில் ஏழு சாக்குக்கூட இல்லை. நீ அச்சடிக்கக் கொடுத்த மாப் பைகளும் கப்பலில் என்கிறாய். நம்முடைய மில்லின் ஒன்பது பெண்களும் காலையில் வந்து மெஷினைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். மெஷின் மாப்பிள்ளை மாதிரி மினுங்குகிறது. இந்த ஓடர் போனால் ஒன்பது பேரையும் வீட்டில் நிறுத்த வேண்டி வரும். ஓட்டமாவடி றபீக்கா, மா வறுப்பதில் அவளைப்போல் கை எனக்கே இல்லை, அவள் குவைத்துக்குப் பாஸ்போட் எடுக்கப் போவதாகக் கதை.

லொறிக்கார சாமித்தம்பி நேற்று வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "கல்குடாவில ஒரு இடத்தில பழைய சிவப்பு நெல் இருநூறு சாக்குக்கு மேல கிடக்கு" என்றான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும், கல்குடாவில் இருக்கும் உன் அம்மப்பாவின் தங்கச்சியின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. 1973 வைகாசியில் மாப்பிள்ளை வீட்டு முதல் விருந்துக்குப் போனபோது எனக்கு இடக்கையால் சோறு போட்டவள். அதைப் பொறுத்தேன். பிறவியிலேயே இடக்கைக்காரி, என்ன செய்வது. ஆனால் 1997 ஆகஸ்ட் பதினேழு, தன் மகளின் கலியாணத்துக்கு எனக்குத் தபாலில் கார்ட் அனுப்பினாள். தபாலில்! தமையனின் பெண்சாதிக்கு வெற்றிலை வட்டாவோடு வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டாமா? கடையில் அச்சடித்த கடதாசி ஒரு அழைப்பா? நான் போகவில்லை. பேசவும் இல்லை. 2009இல் உன் அம்மப்பாவின் செத்த வீட்டுக்கு வந்தாள், அழுதாள், போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒன்று, இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி நான் எவரிடமும் ஒரு குறைச் சொல் சொன்னதில்லை.

மில்லைப் பூட்டினாலும் பூட்டுவேனே தவிர, கல்குடாப் பக்கம் தலை வைக்கமாட்டேன். நீ வேறு இடம் பார்.

உன் சுகத்துக்கு அம்மன் பொறுப்பு, சாப்பாட்டுக்கு நீ பொறுப்பு.

அம்மம்மா
சீதேவிப்பிள்ளை

~

கொழும்பு,
25.01.2025

அன்பான அம்மம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். மயிர் கொட்டுவது நிற்கவில்லை, ஆனால் இன்னும் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா, அல்லது போத்தலை அலுமாரியில் வைத்துக் கும்பிடுகிறீர்களா?

நமது பைகளின் கன்டெய்னர் கப்பலிலிருந்து இறங்கிவிட்டது, துறைமுகத்திலிருந்து வெளியே வரவில்லை. என் கந்தோர் வேலையே இதுதான், சாமான்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுப்பது. ஊரார் கன்டெய்னரெல்லாம் எடுத்துக் கொடுக்கிறேன், என் அம்மம்மாவின் பைகளை எடுக்க முடியவில்லை. லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. சாரதிமார் ரோட்டோரம் சோறு சமைக்கிறார்கள். ஒருவர் என்னைத் தினமும் கண்டு கண்டு, "தங்கச்சி, சாப்பிட்டு நில்லுங்க" என்கிறார்.

நெல்லுக்கு வழி கிடைத்துவிட்டது அம்மம்மா. ஒரு ஏஜென்ட். பழைய சிவப்பு நெல், நன்றாகக் காய்ந்தது. முதலில் முப்பது சாக்கு, பிறகு நாற்பது. சாமித்தம்பி மாமாவே லொறியில் கொண்டுவந்து இறக்குவார். ஏஜென்ட் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, இந்தக் காலத்தில் நெல் வைத்திருப்பவர் எல்லோரும் அப்படித்தான். நீங்கள் சாமித்தம்பி மாமாவைக் கேட்டுக் குடைய வேண்டாம். அவர் பாவம், பொய் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய பொய் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

றபீக்கா அக்காவிடம் பாஸ்போட் எடுக்க அவசரம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எண்ணெய் பூசுங்கள்.

அன்புடன்
நிலானி

~

கிரான்,
06.02.2025

அன்புள்ள நிலானிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், மெஷின் உட்பட. முப்பது சாக்கும் வந்து இறங்கின. மழை விட்ட நாள் பார்த்துத்தான் சாமித்தம்பி வந்தான். இறக்கி முடியுமட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணி கொடுத்தேன், வேண்டாமென்றான். சாமித்தம்பி தேத்தண்ணி வேண்டாமென்று சொன்னதை இந்த ஊர் இதற்கு முன் கண்டதில்லை.

நெல் நல்ல நெல். ஒரு பிடி எடுத்து உமி நீக்கி வாயில் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடம் ஆறிய நெல், ஒரு கூளம் இல்லை, ஒரு கல் இல்லை. இப்படி நெல் வைத்திருக்க இந்தக் காலத்து ஏஜென்ட்மாருக்குத் தெரிவது ஆச்சரியம். வறுக்கத் தொடங்கிவிட்டோம். மா வாசம் சந்திவரைக்கும் போகிறதாம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பசியில் ஏசுகிறார்களாம்.

சாக்குகளை நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ கூட இருந்தது. பிழையோ என்று முப்பதையும் நிறுத்தேன். முப்பதிலும் கூட. வியாபாரி குறைத்துப் போடுவான், சில வேளை சரியாகப் போடுவான். கூடப் போடுபவனை நான் இன்னும் காணவில்லை. நாம் மரக்காலால் அளந்த காலத்தில் அந்நியருக்கென்றால் தலை தட்டி அளப்போம், சொந்தக்காரருக்கு அள்ளுகிறபோது தலை தட்டமாட்டோம். அது சும்மா ஞாபகம் வந்தது.

ஒரு விஷயம் கேட்டு எழுது. அந்த ஏஜென்டுக்கு எந்தக் கை பழக்கம்?

பைகள் எப்போது வரும்? அரைத்த மாவைப் பெரிய தகரப் பரலில் மூடி வைத்திருக்கிறேன். எறும்பு முதலில் வருகிறதா, உன் கன்டெய்னர் முதலில் வருகிறதா என்று பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு உறங்கு.

அம்மம்மா

~

கொழும்பு,
13.02.2025

அன்பான அம்மம்மாவுக்கு,

கரண்ட் இல்லாத ஒன்றரை மணித்தியாலத்தில் இதை எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் மெஷினும் எப்படி? ஞாயிற்றுக்கிழமை ஒரு குரங்கு மின்சாரக் கம்பியில் தொங்கப் போய் நாடு முழுக்கக் கரண்ட் நின்றதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நேரம் நீங்கள் வறுத்துக்கொண்டிருந்தீர்களா? இப்போது நாளுக்கொரு நேரம் வெட்டுகிறார்கள். எங்கள் கந்தோரில் கன்டெய்னர் சுணங்கியது என்று யாராவது வந்து ஏசினால், "குரங்கு" என்று மட்டும் சொல்கிறோம். ஒருவரும் மறுத்துக் கதைப்பதில்லை.

பைகள் வெளியே வந்துவிட்டன அம்மம்மா. ஐயாயிரமும். நேற்று நானே லொறிக்கு ஏற்றினேன். என்னைச் சாப்பிடச் சொல்லும் அந்தச் சாரதிதான் கொண்டுவருகிறார். அவருக்கு இரண்டு பைக்கற்று மா கொடுங்கள்.

ஏஜென்டுக்கு எந்தக் கை என்று கேட்டீர்கள். எனக்கெப்படித் தெரியும்? பொலன்னறுவைப் பக்கத்து ஆள், மீசை வைத்தவர், வலது கையாகத்தான் இருக்க வேண்டும். கூடப் போட்டது தராசின் பிழையாம். நெல்லில் மா எப்படி வந்தது, பசை பிடிக்கவில்லையே, இடியப்பம் உடையாமல் வருகிறதா என்று கேட்டார். உங்கள் முழங்கால் நோவு எப்படி என்றும் கேட்டார்.

அடுத்த நாற்பது சாக்கு இம்மாதக் கடைசியில் வரும்.

கரண்ட் வந்துவிட்டது. விசிறி சுற்றுவதற்குள் முடிக்கிறேன்.

அன்புடன்
நிலானி

~

கிரான்,
22.02.2025

அன்புள்ள நிலானிக்கு,

பைகள் வந்தன. சாரதி நல்ல பிள்ளை. இரண்டு பைக்கற்று கொடுத்தேன், மூன்று கேட்டான், நாலு கொடுத்தேன். பையில் நமது பெயர் எழுப்பமாக விழுந்திருக்கிறது. ஆனால் கீழே மூலையில் உள்ள இடியப்பம் நூடில்ஸ் மாதிரி இருக்கிறது. படம் கீறியவன் இடியப்பம் தின்றிராதவன். அதை நான் மறக்கமாட்டேன்.

குரங்கு கம்பியில் தொங்கியபோது நாங்கள் அரைவாசி வறுத்த நிலையில் நின்றோம். றபீக்கா தாச்சியை விறகடுப்பில் ஏற்றி மிச்சத்தைக் கையால் வறுத்து முடித்தாள். "குரங்குக்கே பயப்பிட்டா குவைத்தில என்ன செய்யப் போறன்" என்றாள். அவள் போகக்கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு பைக்கற்று கட்டியாயிற்று. இனி மிச்ச நெல் வந்தால்தான்.

பொலன்னறுவை மீசைக்காரருக்கு என் முழங்காலைப் பற்றி என்ன கவலை? சரி, கேட்ட மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டும். மழை நாளில் நோகிறது, வெயில் நாளில் இல்லை என்று சொல். அவருக்கும் இந்த வயதில் தோள்மூட்டு நோகும், சாக்குத் தைத்துத் தைத்து. ஆகவே சாமித்தம்பியிடம் ஒரு போத்தல் பிண்டத்தைலம் கொடுத்துவிட்டேன், ஏஜென்டிடம் சேர்க்கச் சொல்லி. இடத் தோளுக்குப் பூசச் சொல். நான் தந்ததென்று சொல்ல வேண்டாம். சாமித்தம்பி போத்தலை வாங்கியதும் சாரத்து மடிக்குள் ஒளித்ததைப் பார்க்க வேண்டுமே.

நமது ஏஜென்டின் சாக்குகளில் சிலவற்றைப் பிரிக்கும்போது நூலை வெட்டாமல் அவிழ்த்து எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல நூல்.

இந்தப் பக்கத்தில் வேறு விசேஷம் இல்லை. உன் சுகத்தை அறிய வழி பார்த்திருக்கும்,

அம்மம்மா

~

கொழும்பு,
04.03.2025

அன்பான அம்மம்மாவுக்கு,

உங்கள் சுகத்துக்கு எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி இந்தக் கடிதத்தின் முடிவில்தான் சொல்ல முடியும்.

இரண்டு விஷயம். முதலாவது, ஏஜென்ட் மிச்ச நாற்பது சாக்கைத் தரமாட்டேன் என்கிறார். விலையைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நெல் இருக்கிறது, வேறெவருக்கும் விற்கவும் இல்லை. தைலப் போத்தல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் இப்படி. போத்தலைத் திறந்து மணந்து பார்த்தாராம். பிறகு சொன்னது இது, சாமித்தம்பி மாமா சொன்னபடி எழுதுகிறேன்: "நெல்லு வேணுமெண்டா வேணுமெண்ட ஆள் கேக்கட்டும். நான் ஆருக்கும் கள்ளத்தனமா நெல்லுக் குடுக்கத் தேவையில்ல."

இரண்டாவது, சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. புதிய சட்டமாம், சாமான் எங்கிருந்து வந்தது என்று வேர்வரைக்கும் தெரிய வேண்டுமாம். உள்ளே வைத்திருக்கிறேன். ஒன்று, நெல் தந்தவரின் பெயர். இரண்டு, விலாசம். மூன்று, அவர் கையொப்பம். நாலாவது, இவரை எத்தனை வருடமாகத் தெரியும், இடையில் ஏதாவது பிணக்கு இருந்ததா. மில் சொந்தக்காரர் தன் கையால் நிரப்ப வேண்டும். படிவம் இல்லாமல் போனால் லொறியைக் கேற்றுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

அம்மம்மா, ஏஜென்ட் என்று எழுதி இதில் அனுப்ப முடியாது.

இனி நான் என்ன எழுத? நான் சுகமாக இருப்பதும் இல்லாததும் உங்கள் பதிலில் இருக்கிறது.

நிலானி

~

கொழும்பு,
13.03.2025

அம்மம்மா,

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. கொண்டக்டரிடம் தினமும் கேட்கிறேன். போனும் எடுக்கிறீர்கள் இல்லை. றபீக்கா அக்காவுக்கு எடுத்தேன். "அவ நல்லா இரிக்கா. கதைக்க மாட்டாவாம். படிவத்தைச் சாமியறையில வெச்சிரிக்கா" என்றார்.

பொய் சொன்னது பிழைதான். உங்கள் பொங்கல் கடிதம் கிடைத்த கிழமையே, உங்களிடம் சொல்லாமல் கல்குடாவுக்குப் போனேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே, சாக்கை எடுக்கட்டா என்று எழும்பிவிட்டார் கல்குடா அம்மம்மா. நெல் யார் தந்தது என்று உங்களுக்குச் சொல்லக்கூடாது என்பது நான் போட்ட நிபந்தனை, அவர் போட்டதில்லை.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. என்னைப் பிறகு ஏசுங்கள். இப்போது அந்த ஒன்பது பேரை நினைத்துப் பாருங்கள்.

சுகத்துடன் இருங்கள், கோபத்துடனாவது இருங்கள்.

நிலானி

~

கிரான்,
15.03.2025

கல்குடா நெல் சொந்தக்காரருக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இந்தப் பக்கமும் குறைவில்லை.

எமது மில்லுக்கு நாற்பது சாக்குப் பழைய சிவப்பு நெல் தேவைப்படுகிறது. முன்பு வந்த முப்பதும் தரமாக இருந்தன. உள்ளே வைத்திருக்கும் படிவத்தில் மூன்றாம் இடத்தில் கையொப்பம் வைத்து, நெல்லோடு சாமித்தம்பியிடம் கொடுத்தனுப்பவும். பெயரை நான் பிறகு நிரப்பிக்கொள்வேன்.

இப்படிக்கு
கிரான் மா மில்

~

கல்குடா,
16.03.2025

கிரான் மா மில்லுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தோள்மூட்டும் சுகம். தைலம் நல்ல தைலம்.

உங்கள் கடதாசி கிடைத்தது. கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் சண்டைக்கு நிற்கிறது.

நாற்பது சாக்கும் தைத்து வைத்திருக்கிறேன். ஆனால் கடதாசியில் கேட்டால் கேட்டதாக எடுக்க முடியாது. கடதாசியில் சொன்னால் சொன்னதாகாது, வெற்றிலை வட்டாவோடு வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டும் என்று இருபத்தேழு வருடமாக இந்த மாவட்டம் முழுக்கச் சொல்லிவருகிற ஒரு மனிசியை எனக்குத் தெரியும். அவ சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். வெறுமையாக.

இப்படிக்கு
நெல் சொந்தக்காரி

~

கிரான்,
26.03.2025

அன்புள்ள நிலானிக்கு,

நான் சுகம். முழங்கால், பஸ் ஏறி இறங்கியும், சுகம்.

நீ ஏஜென்ட் என்று எழுதிய கடிதத்தை வாசிக்கும்போதே எனக்கு மூக்கில் மணந்தது. சாக்கு இறங்கிய நாள் ஐயமும் போய்விட்டது. சாக்கு வாயை இடமிருந்து வலமாகத்தான் எல்லோரும் தைப்பார்கள். அந்த முப்பதும் வலமிருந்து இடமாகத் தைத்து, முடிச்சு இடப் பக்கம் விழுந்திருந்தது. இந்த மட்டக்களப்பில் அப்படித் தைக்கிற கை ஒன்றுதான் இருக்கிறது. பொலன்னறுவை மீசைக்காரராம்! பொய் சொல்வதற்கும் கொஞ்சம் ஞாபகசக்தி வேண்டும் பிள்ளை.

பதினெட்டாம் தேதி காலை வெள்ளனெ எழும்பி, அலுமாரிக்கு மேலிருந்த வட்டாவை எடுத்துப் புளி போட்டு விளக்கினேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டக்டர், ஆருக்குக் கலியாணம் என்று கேட்டான். நெல்லுக்கு என்றேன். வாழைச்சேனையில் பஸ் மாறினேன், அரை மணி சுணங்கியது.

நான் படலையைத் திறக்கும்போது அவள் முற்றத்தில் குந்தி நாற்பத்தோராவது சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். இடக்கையால்தான். என்னைக் கண்டும் ஊசியை நிறுத்தவில்லை, முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழும்பினாள். அவளும் கிழடாகிவிட்டாள். எனக்கு அது சந்தோசம் என்று நினைத்திருந்தேன், அப்படி இருக்கவில்லை.

நான் வட்டாவை அவள் முன்னால் வைத்து, கதைக்க வந்ததை நின்றபடியே கதைத்தேன். "மச்சாள், எங்கட மில்லுக்கு நாப்பது சாக்கு நெல்லு வேணும். நீ தர வேணும்."

அவள் ஒரு வெற்றிலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "வெத்திலை வாடிப் போச்சே மச்சாள்."

"பஸ் சுணங்கிட்டு" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, நான் அடக்கிக்கொண்டேன்.

பிறகு, கார்ட் தபாலில் வந்த கதையை நான் எடுத்தேன். எடுக்காமல் வந்தால் எனக்கு உறக்கம் வராது. தேதி, கிழமை, கார்டில் ஒட்டியிருந்த முத்திரை எல்லாம் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அதை இதில் எழுதமாட்டேன். எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து தந்தாள். குடித்தேன். அவ்வளவுதான்.

நாற்பத்தொரு சாக்கும் அன்று பின்னேரமே வந்தன. ஒன்று எதற்குக் கூட என்று கேட்டேன், உமியோடு போகும் என்றாள். சாமித்தம்பி முன்பு வேண்டாமென்ற தேத்தண்ணியையும் சேர்த்து அன்று குடித்தான். ஒன்பது பெண்களும் கரண்ட் இருக்கும் நேரத்தில் அரைத்து, இல்லாத நேரத்தில் பை ஒட்டி, இன்று நாலாயிரத்து எண்ணூறு. மிச்சம் நாளை முடியும். றபீக்கா பாஸ்போட்டுக்கு எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். நல்லாயிருக்கு, மில்லில் மாட்டுவோம் என்றேன். சரி என்றாள்.

அவள் கையொப்பம் வைத்த படிவத்தை உறையில் இட்டு மாப்பசையால் ஒட்டி அனுப்புகிறேன். நாலாம் கேள்விக்கு அவர்கள் விட்ட இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். நீ பிரிக்காமல் அப்படியே கொடு. அது கொம்பனிக் கடதாசி, வீட்டுக் கடதாசி இல்லை.

லொறி 29 காலை வெளிக்கிடும். அம்மன் காவல்.

அம்மம்மா

~

கொழும்பு,
04.04.2025

அன்பான அம்மம்மாவுக்கு,

நான் மிகவும் சுகம். உங்கள் முழங்காலைக் கொஞ்சுகிறேன்.

ஐயாயிரம் பைக்கற்றும் முப்பதாம் தேதி இறங்கிவிட்டன, ஒரு நாள் முந்தி. முதலாம் தேதி போய்ப் பார்த்தேன், நமது தட்டு நிறைய நமது மா. ஒரு அம்மா இரண்டு எடுத்தார். படத்தில் இருப்பது நூடில்ஸா என்று கேட்டார். இல்லை என்றேன்.

உறையை நான் பிரிக்கவில்லை. சத்தியம். படிவம் பார்க்கிற அதிகாரிதான் பிரித்தார், ஜெராட் என்று பெயர், மட்டக்களப்புப் பிள்ளை. முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், பிறகு சத்தமாக வாசித்தார். நான் காதைப் பொத்த வேண்டுமென்று நீங்கள் எழுதவில்லையே.

பெயர்: தெய்வானைப்பிள்ளை. இந்தப் பெயரை உங்கள் கையெழுத்தில் நான் அன்றுதான் கண்டேன்.

நாலாம் கேள்விக்கு நீங்கள் எழுதியதை அவரிடம் கேட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்:

"ஐம்பத்தொரு வருடமும் பத்து மாதமும் தெரியும். அதில் இருபத்தேழு வருடமும் ஏழு மாதமும் பேச்சு இல்லை. நெல் தந்தவர்மேல் பிழை இல்லை. அவ மகளின் கலியாணம் சொல்ல வெற்றிலை வட்டாவோடு என் வேலிவரைக்கும் வந்தவ. அந்த நேரம் நான் உள்ளே அடுத்த வீட்டு மனிசியிடம், இடக்கைக்காரியின் வெற்றிலை வாங்கினால் வீடு விளங்குமா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கார்ட் போட்டவ. நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது என் கதை மாதிரித்தான் இருக்கிறது. இப்போது பிணக்கு இல்லை. நெல் சுத்தம்."

ஜெராட் வாசித்து முடித்துப் படிவத்தை மேசையில் வைத்தார். பிறகு, "இப்ப ரெண்டு பேரும் கதைக்கிறாங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். முத்திரை குத்தினார். ஆடி மாதத்துக்கு எட்டாயிரம் பைக்கற்று தர முடியுமா என்று கேட்டு எழுத்து வரும், நெல் இதே இடத்து நெல்லாக இருக்க வேண்டுமாம்.

வருடப் பிறப்புக்கு லீவு கிடைக்கவில்லை. என் கைவிசேஷக் காசை எடுத்து வையுங்கள்.

அன்புடன்
நிலானி

~

கிரான்,
16.04.2025

அன்புள்ள நிலானிக்கு,

புது வருடத்தில் எழுதும் முதல் கடிதம். எல்லோரும் சுகம். உனக்கும் சுகமும் கொஞ்சம் அடக்கமும் கிடைக்கட்டும்.

கொம்பனிக் கடதாசியைச் சத்தமாக வாசித்தவனையும், நின்று கேட்டவளையும், படம் எடுத்தவளையும் நான் மறக்கமாட்டேன். அதில் இரண்டு பேர் நீ.

எட்டாயிரத்துக்குச் சம்மதம் என்று சொல். நெல் பற்றிக் கேட்டுவிட்டேன், இருக்கிறது. இந்த முறை அவள் மில்லுக்கே வந்து பார்த்தாள். மெஷின் நல்லாத்தான் இருக்கு, பை மூலையில படத்தில இருக்கிறது என்ன மச்சாள், புழுவா என்று கேட்டாள். றபீக்கா சிரித்துச் சிரித்துத் தாச்சியைக் கருக விட்டாள். ஒரு தாச்சி மா நட்டம். அதை உன் கல்குடா அம்மம்மாவின் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் கைவிசேஷம் வெற்றிலையில் சுற்றிச் சாமியறையில் இருக்கிறது.

என்னுடையதை நான் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை நல்ல நேரத்தில் அவள் படலைக்குள் வந்து, வெற்றிலைக்குள் காசை வைத்து வலது கையால் நீட்டினாள். அந்தக் கை அவளுக்குப் பழக்கமில்லை, வெற்றிலை சரிந்தது. "உன்ட கையால தா மச்சாள்" என்றேன்.

மாற்றித் தந்தாள். இரண்டு கையாலும் வாங்கினேன்.

அம்மம்மா
சீதேவிப்பிள்ளை